ஒன்றரை விநாடி வேலைக்காரன்: கோல்ட் ஸ்டார்ட் இன்ஜெக்டர் பழுதைப் பிடிப்பது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தாப்பா, பீடோர், சிலிம் ரிவர் பக்கத் தோட்டங்களில் இன்னும் பழைய இன்ஜெக்‌ஷன் காடிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. 230ஈ பென்ஸ், கே-ஜெட்ரானிக் என்ற பழைய பாஷ் இன்ஜெக்‌ஷன் போட்ட வோல்வோ 240, வெளிநாட்டுப் பழைய காடிகளைப் பாதியாக வெட்டி விற்கும் ஆஃப் கட் கடையில் எடுத்த டொயோட்டா 4ஏ-ஜிஇ இன்ஜின் ஏற்றிய கொரோலா என்று பலவகை. இவற்றில் நான்கு சிலிண்டருக்கு நான்கு இன்ஜெக்டர் போக, ஐந்தாவதாக ஒன்று இன்டேக் மேனிஃபோல்டின் காற்றுப் பெட்டியில் தனியாகச் செருகியிருக்கும். கோல்ட் ஸ்டார்ட் இன்ஜெக்டர் என்பது இதுதான். பாஷ் கையேடுகள் இதை வால்வு என்று சொல்லும். இன்ஜின் ஓடும்போது இதற்கு வேலையே கிடையாது. சாவியை ஸ்டார்ட்டில் பிடித்திருக்கும் நேரத்தில், அதுவும் இன்ஜின் ஆறிக் கிடந்தால் மட்டும், கூடுதலாகக் கொஞ்சம் பெட்ரோலைப் பனிபோலத் தூவிவிட்டு ஓய்ந்துவிடும்.

காலையில் காடி எடுக்கச் சிரமப்பட்டால் முதல் பழி இதன்மேல்தான் விழும். பெயரிலேயே ‘கோல்ட் ஸ்டார்ட்’ இருக்கிறதே! ஆனால் நம் ஊர் வெயிலுக்கு அந்தக் கணக்கு சரிப்படாது. இங்கே இந்த இன்ஜெக்டர் அடிக்காமல் போவதால் வரும் தொல்லை சின்னது. அது ஒழுகுவதால் வரும் தொல்லைதான் பெரியது. இந்த வரிசையை மாற்றிப் பார்ப்பதால்தான் பலர், இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் அடிக்கலாம் என்று தீர்மானிக்கும் டைம் ஸ்விட்ச் நன்றாக இருந்தும் அதைக் கழற்றி எறிகிறார்கள், நல்ல வயரை வெட்டி ஒட்டுகிறார்கள்.

காரணம் அந்த ஸ்விட்சின் மேலேயே பொறித்திருக்கிறது. கூலண்ட் ஓடும் இடத்தில் திருகியிருக்கும் பித்தளை தெர்மோ டைம் ஸ்விட்சின் அறுகோண முகத்தைத் துடைத்துப் பாருங்கள். 35 டிகிரி, 8 விநாடி என்று இருக்கும். சிலவற்றில் 15 டிகிரி என்றிருக்கும். முதல் எண் இதற்கு மேல் சூடானால் ஸ்விட்ச் திறந்துவிடும் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது எண் உறைகுளிரில், அதாவது மைனஸ் 20 டிகிரியில், அதிகபட்சம் எவ்வளவு நேரம் இன்ஜெக்டருக்கு எர்த் கொடுக்கும் என்பது. இடைப்பட்ட வெப்பத்தில் நேரம் ஏறத்தாழ சீராகக் குறைந்துகொண்டே வரும்.

தாப்பாவில் விடியற்காலை 23, 24 டிகிரி. மைனஸ் 20-லிருந்து 35 வரை மொத்தம் 55 டிகிரி இடைவெளி. 24-க்கும் 35-க்கும் நடுவே 11 டிகிரிதான். எட்டு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஒன்றரை விநாடிதான் இங்கே இந்த இன்ஜெக்டருக்கு வேலை. 15 டிகிரி ஸ்விட்ச் போட்ட காடி என்றால் அதுவும் இல்லை. அந்த இன்ஜெக்டர் தாப்பாவில் பிறந்து வளர்ந்து ஒருநாள்கூட அடித்திருக்காது. அந்தக் காடி காலையில் எடுக்கவில்லை என்று கோல்ட் ஸ்டார்ட் வயரைத் தேடிப் போவது வீண்வேலை.

மலையேறினால் கதை வேறு. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறி, 1,400 மீட்டருக்கு மேலுள்ள தானா ராத்தாவில் காடியை ராத்திரி நிறுத்தினால், காலையில் 16 டிகிரி சாதாரணம். அங்கே அதே 35 டிகிரி ஸ்விட்ச் மூன்று விநாடி வரை எர்த் கொடுக்கும், இன்ஜினுக்கும் அந்தக் கூடுதல் பெட்ரோல் தேவைப்படும். கீழே ஒழுங்காக எடுக்கும் காடி மேலே மட்டும் தகராறு செய்கிறது என்று யாராவது சொன்னால், அப்போது சர்க்கியூட்டைச் சந்தேகிக்கலாம்.

முதலில் கேள்வி, பிறகு ஸ்பானர்

ஓய்வுபெற்ற தோட்டத்துப் பெரிய கிராணி (தலைமை எழுத்தர்) ஒருவர் பட்டறையில் வந்து, “தம்பி, காலையில ஒரே தம்ல எடுத்துரும். பாசாருக்குப் போய் மீன் வாங்கிட்டு வந்து சாவியத் திருப்புனா இழுத்துக்கிட்டே கிடக்கு” என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பானெட்டைத் திறக்கும் முன்னாலேயே கேட்கவேண்டியது, “ஐயா, எடுத்ததும் பின்னால கரும்புகை தள்ளுதா? பெட்ரோல் வாடை வருதா?” என்பதுதான். “ஆமா, எண்ணெய மிதிச்சுப் பிடிச்சாத்தான் எடுக்குது” என்றால் பாதி வேலை முடிந்தது. இன்ஜெக்டர் ஒழுகுகிறது.

இன்ஜினை நிறுத்திய பிறகும் பெட்ரோல் லைனில் அழுத்தம் இறங்காமல் நிற்கவேண்டும். டொயோட்டாவில் 5 நிமிடம் கழித்தும் 1.5 பார் அளவுக்குக் குறையாமல் இருப்பதுதான் ஒழுங்கு. கே-ஜெட்ரானிக்கில் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் அக்யூமுலேட்டர் இருப்பதால் இன்னும் நீண்ட நேரம் நிற்கும். ஊசி சரியாக உட்காராத கோல்ட் ஸ்டார்ட் இன்ஜெக்டர், இந்த அழுத்தத்தைச் சொட்டுச் சொட்டாக மேனிஃபோல்டுக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். சூடான இன்ஜினுக்குள் அது ஆவியாகி அடைத்துக்கொள்ளும். பாசாரில் அரைமணி நேரம் நின்ற காடி சாவியைத் திருப்பியதும் காற்றுக்குப் பதில் பெட்ரோல் ஆவியைத்தான் இழுக்கிறது. பெடலை முழுக்க மிதித்தால் காற்று நுழைந்து எடுத்துக்கொள்கிறது. மறுநாள் காலைக்குள் அந்த ஆவியெல்லாம் போய்விடுவதால் ‘ஒரே தம்’. பெயர்தான் கோல்ட் ஸ்டார்ட். பழுது தெரிவதோ ஹாட் ஸ்டார்ட்டில்.

இதற்கு நேர்மாறான புகார் இது: காலையில் நீண்ட நேரம் இழுக்கிறது, ஒருமுறை எடுத்துவிட்டால் நாள் முழுக்க நல்ல பிள்ளை. இது பெரும்பாலும் ராத்திரியில் லைன் அழுத்தம் முழுக்க இறங்கிப்போன கேஸ். பெட்ரோல் திரும்பி ஓடாமல் தடுக்கும் பம்பின் செக் வால்வு, கே-ஜெட்ரானிக் என்றால் அக்யூமுலேட்டர், இவைதான் முதல் சந்தேகம். உறுதிப்படுத்த ஐந்து நிமிடம் போதும். டொயோட்டாவில் டயக்னாஸிஸ் பெட்டியைத் திறந்து +பி, எஃப்பி என்று எழுதிய இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து, சாவியை ஆன் நிலையில் வைத்தால் பம்ப் ஓடும். ஐந்து விநாடி ஓடவிட்டு, வயரை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே எடுத்தால் அழுத்தம்தான் குறை. கோல்ட் ஸ்டார்ட் சர்க்கியூட்டை அப்படியே விட்டுவிடலாம்.

அப்படியும் எடுக்காமல், பெட்ரோல் வாடையும் இல்லாமல், வறண்டு இழுத்தால் மட்டுமே சர்க்கியூட் பக்கம் வரவேண்டும்.

கனெக்டரைப் பிடுங்கினால் கிடைக்கும் பதில்

ஒழுகலா மின்சாரமா என்று பிரிக்க மிகச் சுலபமான வழி இன்ஜெக்டரின் இரண்டு முனைக் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, ஓரிரு நாள் காடியை ஓட்டச் சொல்வது. பிடுங்கிய முனையைப் பிளாஸ்டிக் டேப்பால் சுற்றிக் கட்டிவிடுங்கள். பாசார் தகராறு அப்படியே இருந்தால் பழுது இன்ஜெக்டரின் ஊசியில். தகராறு போய்விட்டால் ஸ்விட்சிலோ வயரிலோ.

இங்கே கொஞ்சம் யோசிக்கவேண்டியது ஒன்று உண்டு. இந்த இன்ஜெக்டருக்குக் கரன்ட் வருவது ஸ்டார்ட்டர் சாலினாய்டுக்குப் போகும் வயரிலிருந்து. பாஷ் கணக்கில் 50-ஆம் நம்பர், டொயோட்டாவில் எஸ்டிஏ. சாவியை ஸ்டார்ட்டிலிருந்து விட்டதும் அந்த வயரில் கரன்ட் இருக்காது. டைம் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டு எந்நேரமும் எர்த் கொடுத்தாலும், ஓடும் இன்ஜினில் இந்த இன்ஜெக்டர் திறக்க வழியே இல்லை. ஆகவே ஓடும்போது கரும்புகை, ஐடிலில் தடுமாற்றம், டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை என்றால் அது டைம் ஸ்விட்சின் பழுது ஆகாது. இந்த இன்ஜெக்டர்தான் காரணம் என்றால், ஒன்று ஊசி ஒழுகவேண்டும், அல்லது யாரோ வயரில் கைவைத்திருக்கவேண்டும்.

யாரோ கைவைத்த காடிகள் நிறையவே உண்டு. டேஷ்போர்டுக்குக் கீழே ஹார்ன் பட்டன் ஒன்றைப் பூட்டி, காலையில் அதை அமுக்கினால் இன்ஜெக்டர் அடிக்கும்படி செய்துவைத்திருப்பார்கள். சிலர் 50-க்குப் பதில் சாவி ஆனில் வரும் 15-ஆம் நம்பர் வயரைக் கொடுத்துவிடுகிறார்கள். அப்போது இன்ஜின் சூடேறி ஸ்விட்ச் திறக்கும்வரை ஓடும்போதும் இன்ஜெக்டர் தூவிக்கொண்டே இருக்கும். இதன் காயில் சில விநாடி வேலைக்குச் சுற்றப்பட்டது. நீண்ட நேரம் கரன்ட் போனால் வெந்துவிடும். பழைய காடியை வாங்கினால் இந்தக் கனெக்டரிலிருந்து வயரைப் பின்தொடர்ந்து பாருங்கள். தொழிற்சாலை நாடாவுக்கு வெளியே வேறு நிறத்தில் ஒரு வயர் ஓடினால் அதுதான் திருட்டு வயர்.

ரெகுலேட்டரையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டரின் வேக்யூம் குழாயை இழுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை வரக்கூடாது. உள்ளே ரப்பர் கிழிந்திருந்தால் பெட்ரோல் அந்தக் குழாய் வழியே மேனிஃபோல்டுக்குள் போய், அச்சாகக் கோல்ட் ஸ்டார்ட் இன்ஜெக்டர் ஒழுகுவதைப் போலவே நடிக்கும். அரை நிமிட வேலை. இதைப் பார்க்காமல் இன்ஜெக்டர் வாங்கப் போகாதீர்கள்.

ஒரு காலைக்கு ஒரே ஒரு வாய்ப்பு

சர்க்கியூட் சோதனைக்கு நேரம் முக்கியம். காடி ராத்திரி முழுக்க நின்றிருக்கவேண்டும். விடியற்காலையில் தோட்டத்துப் பெரட்டுக்கு (வேலைக்குப் பேர் கொடுக்க) ஆள் கூடும் நேரத்திலேயே பார்த்துவிட்டால் நல்லது. மதியம் பட்டறையில் 33 டிகிரி, பானெட்டுக்குள் இன்னும் கூடுதல். அப்போது 35 டிகிரி ஸ்விட்ச் திறந்துதான் கிடக்கும். டெஸ்ட் லைட் எரியவில்லை என்று ஸ்விட்ச் போய்விட்டதாகச் சொல்வது அநியாயம்.

அதைவிட ஏமாற்றுவது ஸ்விட்சுக்குள் இருக்கும் ஹீட்டர். உள்ளே இருக்கும் இரட்டை உலோகத் தகட்டைச் சுற்றி ஒரு மெல்லிய காயில் உண்டு. ஸ்டார்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் 50-லிருந்து அந்தக் காயிலுக்கும் கரன்ட் போகும். தகடு சூடாகி வளைந்து எர்த்தைத் துண்டிக்கும். கூலண்ட் இன்னும் குளிர்ந்திருந்தாலும், எடுக்காத இன்ஜினை விடாமல் இழுத்துப் பிளக்குகளைப் பெட்ரோலில் நனைத்துவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆகவே வந்தவர் வாசலில் நான்கு முறை சாவியைத் திருப்பிவிட்டு உள்ளே வந்தால் உங்கள் வாய்ப்பு போய்விட்டது. தகடு ஆற நேரம் கொடுக்கவேண்டும். மறுநாள் காலைவரை விடுவதுதான் நம்பகம்.

டெஸ்ட் லைட்டை இன்ஜெக்டர் கனெக்டரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே மாட்டுங்கள். எல்ஈடி பேனா வேண்டாம், 21 வாட் பிரேக் லைட் பல்பு போட்டதுதான் நல்லது. டொயோட்டா இன்ஜெக்டரின் காயில் 2-லிருந்து 4 ஓம்தான். மூன்று நான்கு ஆம்பியர் இழுக்கும். கனெக்டரில் பச்சைப் பாசம் பிடித்து ஒரு ஓம் தடை ஏறினாலே, இழுக்கும்போது கிடைக்கும் 10 வோல்ட்டில் 3 ஓம் இன்ஜெக்டருக்கு ஏழரை வோல்ட்தான் மிஞ்சும். எல்ஈடிக்கு அந்த ஒரு ஓம் பெரிய விஷயமே இல்லை, பளிச்சென்று எரிந்து ‘எல்லாம் சரி’ என்று பொய் சொல்லும். பல்பு மங்கி உண்மையைச் சொல்லிவிடும்.

இக்னிஷன் காயிலின் சிறிய கனெக்டரைக் கழற்றிவிட்டு இன்ஜினை இழுங்கள். ஹை டென்ஷன் வயரை மட்டும் உருவி அந்தரத்தில் தொங்கவிடக்கூடாது. பொறி பாயும், எலக்ட்ரானிக் மாட்யூலும் கெடலாம். ஒருவர் சாவியைப் பிடிக்க, மற்றவர் பல்பைப் பார்த்து எண்ணவேண்டும். தாப்பா காலைக்கு “ஆயிரத்தி ஒண்ணு, ஆயிரத்தி...” என்று எண்ணி முடிக்கும் முன் அணைந்தால் ஸ்விட்ச் சரியாகவே இருக்கிறது. இழுக்கும் நேரம் முழுக்க எரிந்துகொண்டே இருந்தால் ஹீட்டர் வேலை செய்யவில்லை.

எரியவே இல்லையென்றால் சர்க்கியூட்டை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். கனெக்டரின் ஒரு முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே பல்பைப் பிடித்து இழுத்தால் கரன்ட் முனையில் எரியவேண்டும். இரண்டு முனையிலும் எரியவில்லையென்றால் 50-லிருந்து வரும் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. அலாரம் பூட்டியவர்கள் ஸ்டார்ட்டர் வயரை வெட்டிச் சேர்க்கும்போது இந்தக் கிளையை விட்டுவிடுவது வழக்கம். ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜெக்டருக்கு மட்டும் கரன்ட் வராது. இழுக்கும்போது பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியை முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

கரன்ட் முனை நன்றாக இருந்தால் எர்த் பக்கம். பல்பின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை ஸ்விட்சுக்குப் போகும் வயரிலும் வைத்தால், இன்ஜினும் ஸ்விட்ச் தகடும் ஆறியிருக்கும்போது முழு வெளிச்சம் வரவேண்டும். வராவிட்டால் ஸ்விட்ச் கனெக்டரைக் கழற்றி வயரை மட்டும் எர்த்தில் தொட்டுப் பாருங்கள். இப்போது எரிந்தால் வயர் நல்லது, ஸ்விட்ச்தான் போய்விட்டது.

வயர் பழுதில் இங்கே எலிக்குத் தனி இடம். செம்பனைத் தோட்டங்களில் எலியைப் பிடிக்க ஆந்தைக்குக் கூடு கட்டி வைத்திருக்கிறார்கள். வீட்டு வாசலில் சூடான பானெட்டுக்குள் புகும் எலியைப் பிடிக்க எந்த ஆந்தையும் வருவதில்லை. மேனிஃபோல்டுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கனெக்டருக்கு நான்கு விரல் தூரத்தில்தான் கடித்திருக்கும். விரலால் வருடிப் பார்த்தால் பல் தடம் தட்டுப்படும்.

ஐஸ் கச்சாங் கடைக்கு ஒரு நடை

மறுநாள் காலைவரை காத்திருக்க முடியாதென்றால் டைம் ஸ்விட்சைக் கழற்றி மேசையில் சோதிக்கலாம். இன்ஜின் நன்றாக ஆறியபிறகுதான். சூட்டில் கழற்றினால் கூலண்ட் கையைப் பொசுக்கிவிடும். அலுமினியத்தில் திருகிய பித்தளை என்பதால் பொறுமையாகக் கழற்றுங்கள், மாட்டும்போது புதிய செம்பு வாஷர் போடுங்கள்.

பக்கத்து ஐஸ் கச்சாங் கடையில் ஒரு குவளை நொறுக்கிய ஐஸ் வாங்கித் தண்ணீர் ஊற்றினால் 0 டிகிரி இலவசம். ஸ்விட்சின் திருகுப் பகுதி மட்டும் மூழ்கும்படி பிடித்து, பத்து நிமிடம் விடுங்கள். முனைகள் நனையக்கூடாது. பாஷ் ஸ்விட்சில் ஜி, டபிள்யூ என்று இரண்டு முனைகள் இருக்கும். ஜி என்பது ஹீட்டர், 50-லிருந்து கரன்ட் வரும் பக்கம். டபிள்யூ என்பது இன்ஜெக்டருக்கு எர்த் கொடுக்கும் பக்கம். ஸ்விட்சின் உடம்புதான் எர்த்.

35 டிகிரி பாஷ் ஸ்விட்ச் குளிர்ந்திருக்கும்போது டபிள்யூவுக்கும் உடம்புக்கும் நடுவே 0 ஓம், ஜிக்கும் உடம்புக்கும் 25-லிருந்து 40 ஓம் காட்டவேண்டும். 40 டிகிரிக்கு மேல் சூடாக்கிய தண்ணீரில் டபிள்யூவுக்கு 100-லிருந்து 160 ஓம், ஜிக்கு 50-லிருந்து 80 ஓம். டொயோட்டா 4ஏ-ஜிஇயில் முனைகளின் பெயர் எஸ்டிஏ, எஸ்டிஜே. இரண்டுக்கும் நடுவே 30 டிகிரிக்குக் கீழே 20-லிருந்து 40 ஓம், 40 டிகிரிக்கு மேலே 40-லிருந்து 60 ஓம். எஸ்டிஏவுக்கும் உடம்புக்கும் 20-லிருந்து 80 ஓம். மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டு வரும் அரை ஓமைக் கழித்துவிட்டுக் கணக்குப் பாருங்கள்.

பிறகு ஐஸில் வைத்தபடியே உடம்புக்குப் பேட்டரி நெகட்டிவ், ஜிக்கு 12 வோல்ட் கொடுங்கள். டெஸ்ட் லைட்டை பேட்டரி பாசிட்டிவுக்கும் டபிள்யூவுக்கும் நடுவே வைத்தால் எரியும். 35 டிகிரி, 8 விநாடி ஸ்விட்ச் என்றால் ஐந்து விநாடி வாக்கில் அணையவேண்டும். ஆறு ஏழு என்றால் பரவாயில்லை. அணையவே இல்லையென்றால் ஹீட்டர் காயில் அறுந்துவிட்டது. அணைந்ததும் ஜியை எடுத்துவிடுங்கள்.

ஸ்விட்ச் நன்றாக இருந்தும், ஜிக்கு வரும் வயர் அறுந்துபோனால் என்ன ஆகும்? ஹீட்டர் சூடாகாது, கூலண்ட் ஆறியிருக்கும்வரை எர்த் துண்டிக்கப்படாது. இழுக்க இழுக்க இன்ஜெக்டர் அடித்துக்கொண்டே இருக்கும். முதல் சாவியில் எடுத்தால் தெரியாது. மழைநாளில் பேட்டரி கொஞ்சம் சோர்ந்து, நாலைந்து விநாடி இழுக்கவேண்டி வந்தால் பிளக் நனைந்து மூழ்கிவிடும். ‘மழை பெய்தால் எடுக்காது’ என்று டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பை மாற்றுவார்கள். பிளக்கைக் கழற்றி முகர்ந்து பார்த்திருந்தால் அந்தக் காசு மிச்சம்.

இன்னொரு குழி இதே இடத்தில்தான் இருக்கிறது. தெர்மோஸ்டாட் வீட்டைச் சுற்றி டைம் ஸ்விட்ச், ஈசியுவுக்கான (பெட்ரோல் அளவை முடிவுசெய்யும் கணினிப் பெட்டி) வெப்ப சென்ஸர், மீட்டருக்கான சென்ஸர் மூன்றும் நெருக்கமாக நிற்கும். முதல் இரண்டுக்கும் ஒரே மாதிரி இரண்டு முனைக் கனெக்டர் போட்ட காடிகள் உண்டு. கூலண்ட் குழாய் மாற்றியவர் இரண்டையும் மாற்றிக் குத்திவிட்டால் போதும். ஈசியு சென்ஸர் 20 டிகிரியில் 2,000-லிருந்து 3,000 ஓம், 80 டிகிரியில் 200-லிருந்து 400 ஓம் காட்டும் சாதனம். அதன் இடத்தில் ஹீட்டர் காயிலின் சில பத்து ஓம் வந்தால், இன்ஜின் கொதிக்கிறது என்று நினைத்து ஈசியு பெட்ரோலைக் குறைத்துவிடும். காலையில் எடுக்காது, சூடானபிறகு ஓரளவு ஓடும். வெப்பம் சம்பந்தப்பட்ட எந்த வேலைக்கும் முன்னால் வயர் நிறத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பென்ஸ் கேஈ-ஜெட்ரானிக் மாடல்கள் சிலவற்றில் டைம் ஸ்விட்சே இருக்காது. பெட்ரோல் பம்ப் ரிலேயே இந்த இன்ஜெக்டரையும் கவனித்துக்கொள்ளும். டொயோட்டா சிலவற்றில் எஸ்டிஜே வயரை ஈசியுவும் சேர்ந்து எர்த் செய்யும். அந்த மாதிரிக் காடியில் ஸ்விட்சைக் கழற்றியும் பல்பு எரிந்தால் குழம்பவேண்டாம். ஸ்விட்சைத் தேடி அலையும் முன் வயர் படத்தைப் பாருங்கள்.

ஜாடிக்குள் தூவிப் பார்ப்பது

கடைசியில் இன்ஜெக்டரையே வெளியே எடுத்துப் பார்க்கவேண்டும். பெட்ரோலும் பேட்டரியும் ஒரே இடத்தில் புழங்கும் வேலை இது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், சிகரெட் வாசலுக்கு வெளியே. கே-ஜெட்ரானிக் லைனில் 5 பார் அழுத்தம் இருக்கும், எல்-ஜெட்ரானிக், டொயோட்டா வகையில் இரண்டரை, மூன்று பார். லைனைத் திறக்கவேண்டி வந்தால் துணியைச் சுற்றி, மெதுவாகத் தளர்த்தி அழுத்தத்தை இறக்கியபிறகே முழுக்கக் கழற்றவேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

பல காடிகளில் பெட்ரோல் குழாயைக் கழற்றாமலேயே இரண்டு போல்ட்டை எடுத்து இன்ஜெக்டரை வெளியே இழுத்துவிடலாம். மூக்கை ஒரு வாய் அகன்ற கண்ணாடி ஜாடிக்குள் வையுங்கள். மேனிஃபோல்ட் ஓட்டையைத் துணியால் அடையுங்கள். ஊசியைத் துடைத்துக் காயவைத்து, கனெக்டர் மாட்டாமல், பம்பை மட்டும் ஜம்பர் வயரால் ஓடவிடுங்கள். ஒரு நிமிடம் கண்கொட்டாமல் மூக்கைப் பாருங்கள். டொயோட்டா கணக்கில் நிமிடத்துக்கு ஒரு சொட்டுக்கு மேல் விழக்கூடாது. முனையில் ஈரம் திரண்டு, தொங்கி, விழாமல் நின்றால் தேறியது. வரிசையாகச் சொட்டினால் அதுதான் பாசார் தகராறுக்குக் காரணம்.

பிறகு காயிலுக்கு 12 வோல்ட் கொடுத்து ஓரிரு விநாடி தூவவிடுங்கள். பேட்டரி முனையிலேயே வயரைத் தொட்டுத் தொட்டு எடுக்கவேண்டாம், பொறி வரும். ஜாடிக்குத் தள்ளி நடுவில் ஒரு ஸ்விட்ச் பூட்டிய வயரை முன்கூட்டியே செய்துவைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பெட்ரோல் சுழன்று வருவதால் நல்ல இன்ஜெக்டர் கூம்பாக, ஜாடிச் சுவரில் புகைபோலப் படியும்படி அடிக்கும். ஒரு பக்கம் மட்டும் கோடாகப் பாய்ந்தால் உள்ளே துரு அல்லது பிசின். நீண்டநாள் நிறுத்திவைத்த காடிகளின் டேங்க் துருதான் பெரும்பாலும் இங்கே வந்து சேரும்.

துருவால் ஒழுகுவதை இன்ஜெக்டர் கிளீனரில் ஊறவைத்து, பலமுறை தூவவிட்டுச் சரிசெய்ய முயலலாம். சில சமயம் நின்றுவிடும். ரப்பர் தேய்ந்து ஒழுகினால் மாற்றுவதுதான் வழி. ஆஃப் கட் கடையில் எடுத்தால் அங்கேயே காயில் ஓமைப் பாருங்கள், ஒழுகலை வாங்கிவந்ததும் ஜாடியில் பாருங்கள். ஓம் சரியாக இருப்பதால் ஊசி சரி என்று ஆகிவிடாது. மேனிஃபோல்ட் கேஸ்கெட்டும், பெட்ரோல் குழாயைப் பூட்டும் பேன்ஜோ போல்ட்டின் இருபக்க வாஷர்களும் கட்டாயம் புதிது. பழைய கேஸ்கெட்டில் காற்று நுழைந்தால் ஐடில் ஆடும். அதைத் தேடி இன்னொரு வாரம் போகும்.

கனெக்டரைப் பூட்டும் கம்பி ஸ்பிரிங் விஷயத்தில் மட்டும் உஷார். சின்ன ஸ்க்ரூடிரைவரால் ஒரு மூலையைத் தூக்கும்போது துள்ளி மேனிஃபோல்டுக்கு அடியில் விழும், கிடைக்காது. அடியில் துணி விரித்துவிட்டுக் கழற்றினால் துணியிலேயே விழும். அது இல்லாமல் மாட்டிய கனெக்டர், செம்மண் சாலையில் இரண்டு வாரம் குலுங்கினால் கழன்றுவிடும்.

இதையே வேண்டாம் என்று அடைத்துவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாப்பாவுக்குக் கீழேயே ஓடும் காடிக்குக் கனெக்டரை மட்டும் கழற்றிவைத்தால் காலையில் அரை விநாடி கூடுதலாக இழுக்கும், அவ்வளவுதான். கேமரனில் ராத்திரி தங்கும் காடிக்கு அது சரிவராது. ஆனால் ஒழுகும் இன்ஜெக்டரின் பெட்ரோல் லைனை ரப்பர் குழாயும் கிளிப்பும் வைத்து அடைப்பது மட்டும் வேண்டாம். 5 பார் அழுத்தத்தில் அது சூடான எக்ஸாஸ்ட்டின்மேல் கழன்றுவிழ ஒரு நாள் போதும். புதிய பாகம் வந்துசேரும்வரை ஓட்டித்தான் ஆகவேண்டுமென்றால், மூக்கைத் துணிகொண்டு சுற்றிச் சமாளிக்காமல், சரியான அளவு பிளாங்க் போல்ட்டும் (துளையில்லாத போல்ட்) புதுச் செம்பு வாஷரும் போட்டு லைனை மூடி, பம்பை ஓடவிட்டு, காய்ந்த விரலால் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.